ஃபிட்டா... அன்ஃபிட்டா?

ராத்திரி பதினொன்றரை மணி. போன். நண்பனோட தங்கச்சி. பி.எஸ்ஸி. நர்சிங் மூணாவது வருஷம் படிக்குது.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா, சொல்லு."

"ஒண்ணுமில்ல... சும்மா ஒரு டவுட்டு. பேஷன்ட்டுக்குப் போட்ட ஊசி நமக்குக் குத்திட்டா எய்ட்ஸ் வருமா?"

'ஒண்ணுமில்ல'ன்னு ஆரம்பிக்கிற போன் எதுவும் நிஜமாவே ஒண்ணுமில்லாம முடிஞ்சதா எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமா விஷயம் வெளியே வந்தது. முந்தின நாள் காலையில வார்டுல ரத்தம் எடுத்திருக்கு. எடுத்து முடிச்சு, ஊசி மேல மூடியைத் திரும்பப் போடுறப்போ மூடிக்குள்ள போக வேண்டிய ஊசி ஆள்காட்டி விரல்ல இறங்கிடுச்சு. கிளவுஸுக்குள்ள ஒரு பொட்டு ரத்தம். குழாயைத் திறந்து கழுவிட்டு, பிளாஸ்திரி ஒட்டிட்டு, அடுத்த பெட்டுக்குப் போயிடுச்சு. யார்கிட்டயும் மூச்சு விடலை.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா, கவனம் எங்க இருந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்கண்ணா. இன்டர்னல் மார்க்ல கை வைப்பாங்க."

குத்தி முப்பத்தாறு மணி நேரம் ஆச்சு. அந்த முப்பத்தாறு மணி நேரமும் அந்தப் பொண்ணு நெட்ல தேடிக்கிட்டு, ரூம்மேட்டுக்குத் தெரியாம அழுதுக்கிட்டு இருந்திருக்கு.

அந்த போன்தான் இந்த வாரக் கட்டுரை.

★

மெடிக்கல் காலேஜ் பசங்க மனப்பாடமா வெச்சிருக்கிற ஒரு பழைய கணக்கு உண்டு. முப்பது, மூணு, புள்ளி மூணு. கிருமி இருக்கிற ரத்தம் பட்ட ஊசி குத்தினா, தடுப்பூசி போடாத ஆளுக்கு ஹெபடைடிஸ் பி தொத்திக்கிற வாய்ப்பு நூத்துக்கு முப்பது வரைக்கும். நோயாளியோட ரத்தத்துல வைரஸ் எக்கச்சக்கமா இருந்தா அந்த உச்சம். ஹெபடைடிஸ் சி-க்கு மூணு (சமீபத்து ஆய்வுகள் இதை இன்னும் கீழே இறக்கிடுச்சு). எய்ட்ஸ் உண்டாக்குற எச்.ஐ.வி-க்கு வெறும் 0.3. அதாவது ஆயிரம் குத்துக்கு மூணு.

எல்லாரும் எதை நினைச்சு நடுங்குறாங்களோ அது வரிசையில கடைசி. ஹெபடைடிஸ் பி-யை நினைச்சு யாரும் ராத்திரி பதினொன்றரைக்கு போன் பண்றதில்லை. அதுக்குத்தான் அருமையான தடுப்பூசி இருக்கு. மூணு டோஸ். முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. அதுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு மாசத்துல ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி எவ்வளவுன்னு ஒரு டெஸ்ட். பத்து யூனிட்டுக்கு மேல இருந்தா நீங்க பாஸ். அந்தக் குத்தைப் பத்தின கவலையில முக்கால்வாசி அங்கேயே காலி.

"நீ மூணும் போட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு போட்டேண்ணா. மூணாவது ஸ்டடி லீவுல வந்துச்சு. ஊருக்குப் போயிட்டேன். அப்புறம் யாரும் கேக்கல, நானும் மறந்துட்டேன்."

யாரும் கேக்கல. இந்த ரெண்டு வார்த்தையைத்தான் இந்த வாரம் முழுக்கச் சுத்திச் சுத்தி வரப்போறேன்.

ஏன்னா அதே பொண்ணு காலேஜ்ல சேர்ந்தப்போ 'உடல் தகுதிச் சான்றிதழ்' கேட்டாங்க. எல்லாருமே குடுத்திருப்போம். தெருமுனை டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப்பை ரெண்டு செகண்ட் வைப்பார், கையெழுத்துப் போடுவார். அந்தப் பேப்பர் இப்பவும் ஆபீஸ் பீரோவுல பத்திரமா இருக்கும். இவ இந்த இடத்துக்குள்ள வரலாமாங்கிற கேள்விக்கு அது பதில். இந்த இடம் இவளை என்ன பண்ணும்ங்கிற கேள்விக்கு பீரோவுல பேப்பரே கிடையாது.

சும்மா குறை சொல்லலை. வேலூர் சி.எம்.சி-யில 436 நர்சிங் மாணவிகளை 2007-ல பரிசோதிச்சாங்க. 2010-லயும் 2011-லயும் ரெண்டு கட்டுரையா அது வெளியாச்சு. கையில சின்ன ஊசி போட்டுப் பார்க்கிற டிபி தோல் பரிசோதனையில ஏறக்குறைய பாதிப் பேருக்கு பாசிட்டிவ். நெகட்டிவா இருந்தவங்களைத் தொடர்ந்து கவனிச்சதுல, வருஷத்துக்கு நூத்துக்கு எட்டுப் பேர் மாதிரி புதுசா தொற்று வாங்கிக்கிட்டு இருந்தாங்க. வெளியே சாதாரண ஜனங்களுக்கு இருக்கிறதைவிட இது பல மடங்கு. பயந்துடாதீங்க, தொற்று வேற, நோய் வேற. கிருமி உள்ளே போய்த் தூங்குற பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு ஆயுசுக்கும் அது நோயா மாறாது. ஆனா அந்தப் பத்தாவது ஆள் யாருன்னு கண்டுபிடிக்க வருஷா வருஷம் யாராவது பார்க்கணுமில்லையா? அந்த ஆஸ்பத்திரி தன் மாணவிகளைத் தானே பரிசோதிச்சு, முடிவை மறைக்காம உலகத்துக்கே சொன்னது. எத்தனை இடத்துல அது நடக்கும்?

★

இப்போ கேட்டரிங் படிக்கிற மக்கள் பக்கம் வருவோம். 'டைபாய்டு மேரி' கதை உங்க சிலபஸ்ல ஒரு பாராவா வரும். அந்தப் பாராவுல இல்லாத மீதியைச் சொல்றேன்.

மேரி மாலன். 1869-ல அயர்லாந்துல பிறந்து, பொழைப்பு தேடி அமெரிக்கா போனவங்க. நல்ல சமையல்காரி. 1906 கோடைக்காலத்துல நியூயார்க் பக்கத்துல ஆய்ஸ்டர் பேங்கிற ஊர்ல ஒரு பணக்காரக் குடும்பத்துக்குச் சமைச்சாங்க. வீட்ல பதினோரு பேர். அதுல ஆறு பேருக்கு டைபாய்டு. வீட்டு ஓனர் 'இனிமே என் வீட்டுக்கு யாரு வாடகைக்கு வருவா'ன்னு பயந்து ஜார்ஜ் சோப்பர்ங்கிற சுகாதார இன்ஜினீயரைக் கூப்பிட்டார். அவர் துப்பறியும் நாவல் மாதிரி தோண்டித் துருவி, மேரி வேலை பார்த்த வீடு வீடா டைபாய்டு பின்னாடியே போயிருக்குன்னு கண்டுபிடிச்சார். நேராப் போய் 'உன் மலம், மூத்திரம், ரத்தம் டெஸ்ட்டுக்கு வேணும்'னு கேட்டார். மேரி இறைச்சி குத்துற பெரிய முள்கரண்டியைத் தூக்கிக்கிட்டுத் துரத்தினாங்க. கேட்ட விதம் அப்படி பாஸ், நானா இருந்தாலும் துரத்தியிருப்பேன்.

மேரிக்கு ஒரு நாள் காய்ச்சல்கூட வந்ததா அவங்களுக்கே தெரியாது. ஆளு கல்லு மாதிரி. ஆனா டைபாய்டு கிருமி சிலரோட பித்தப்பைக்குள்ள சத்தமில்லாம குடியிருந்து, அப்பப்போ மலத்துல வெளியே வரும். கையைச் சரியா கழுவலைன்னா சாப்பாட்டுக்குப் போகும். கொதிக்கிற சாப்பாட்டுல செத்துடும். மேரியோட ஸ்பெஷல் அயிட்டம் பீச் பழம் நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீம். அதைக் கொதிக்க வைக்க முடியாதே!

1907-ல போலீஸ் வந்து குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போய் ஒரு தீவு ஆஸ்பத்திரியில அடைச்சாங்க. மூணு வருஷம். 1910-ல 'இனிமே சமைக்க மாட்டேன்'னு வாக்கு வாங்கிட்டு விட்டாங்க. துணி துவைக்கிற வேலை கிடைச்சது. சமையலுக்குக் கிடைச்ச சம்பளத்துக்குப் பக்கத்துல அது வராது. கொஞ்ச வருஷத்துல ஆளைக் காணோம். 1915-ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில இருபத்தஞ்சு பேருக்கு டைபாய்டு, ரெண்டு பேர் சாவு. கிச்சன்ல 'மிசஸ் பிரவுன்'ங்கிற பேர்ல நம்ம மேரி. மறுபடி தீவு. 1938-ல சாகிற வரைக்கும் அங்கேயேதான்.

இதுல மேரி பக்கம் தப்பே இல்லைன்னு நான் சொல்ல வரலை. ரெண்டாவது தடவை தெரிஞ்சேதான் செஞ்சாங்க. ஆனா அதே காலத்துல நியூயார்க்ல கிருமி சுமந்துக்கிட்டு நல்லா இருந்தவங்க நூத்துக்கணக்குல பதிவாகியிருந்தாங்க. சமையல்காரங்களும் அதுல உண்டு. அவங்க யாரையும் இப்படி ஆயுசு முழுக்க அடைச்சு வைக்கலை. தனியாளா, ஏழையா, வெளிநாட்டுக்காரியா, கோவக்காரியா இருந்த ஒருத்தியோட பேர்தான் நோயோட சேர்ந்து நிலைச்சது. டெஸ்ட் எடுத்தாங்க, பாசிட்டிவ்னு சொன்னாங்க, சமைக்காதேன்னாங்க. அதே வருமானத்துக்கு வேற என்ன வேலைன்னு மட்டும் யாரும் யோசிக்கலை.

நம்ம ஊருக்கு வாங்க. ஹோட்டல்ல சாப்பாட்டுல கை வைக்கிற எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை செஞ்சுக்கணும், டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கணும்னு 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்லுது. நல்ல விதி. தடுப்பூசி நிஜமாவே பிரயோஜனம். ஆனா வருஷாந்திரப் பரிசோதனை? மேரி மாதிரி ஆளுக்குக் கிருமி தினமும் வெளியே வராது. வராத நாள்ல மலத்தைப் பரிசோதிச்சா கிளீன் சர்டிபிகேட் வாங்கிடலாம். பல இடத்துல மலப் பரிசோதனையே கிடையாது, 'வைடால்'னு ஒரு ரத்தப் பரிசோதனையை எடுத்துட்டு ஸ்டாம்ப் அடிச்சுடுறாங்க. ஆரோக்கியமா இருந்துக்கிட்டே கிருமி பரப்புற ஆளைக் கண்டுபிடிக்க அது உதவாது. சமையல்காரங்களுக்கு வழக்கமா நடத்துற இந்த மாதிரி பரிசோதனைகளால பெரிய பலன் இல்லைன்னு 1989-லயே உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு சொல்லிடுச்சு.

பின்னே எது பலன்? சோப்பு, தண்ணி, கிச்சனுக்குப் பக்கத்துலயே கை கழுவுற இடம். இன்னொண்ணு, 'மாஸ்டர், காலையில இருந்து வயித்தால போகுது'ன்னு சப்ளையர் தைரியமா சொல்லக் கூடிய நிலைமை. சொன்னா அன்னிக்குக் கூலி கட். அதனால சொல்ல மாட்டான். மாத்திரை ஒண்ணைப் போட்டுக்கிட்டு உங்களுக்குச் சட்னி ஊத்துவான். வருஷத்துக்கு ஒரு ஸ்டாம்ப் அடிச்ச பேப்பரைவிட, வயித்துப்போக்குக்கு ரெண்டு நாள் சம்பளத்தோட லீவு குடுக்கிற முதலாளிதான் நம்ம வயித்தைக் காப்பாத்துவார். இது என் அபிப்பிராயம். இன்டர்ன்ஷிப் போற கேட்டரிங் மக்கள் தாராளமா சண்டைக்கு வரலாம்.

★

'அன்ஃபிட்'டுங்கிற வார்த்தையோட முழு பலத்தையும் நான் பார்த்தது வேற இடத்துல. எங்க ஊர்ல ஒரு அண்ணன். வெல்டர். பத்தொன்பது வயசுல டிபி வந்து, அரசு ஆஸ்பத்திரியில ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை சாப்பிட்டு முழுசா குணமானவர். சில வருஷம் கழிச்சு வளைகுடா வேலைக்கு விசா ரெடி. அந்த நாடுகள் அங்கீகரிச்ச மையத்துல மெடிக்கல். எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பாங்க. எக்ஸ்ரேல பழைய தழும்பு. ஆறிப்போன தழும்புதான், அவரால யாருக்கும் தொத்தாது. ஆனாலும் அன்ஃபிட். மெடிக்கல் ஃபீஸ் போச்சு, ஏஜென்ட்டுக்குக் குடுத்த முன்பணத்துல பாதி போச்சு.

இதே தழும்போட லண்டனுக்கு எம்.எஸ். படிக்கப் போங்க. ஆறு மாசத்துக்கு மேல தங்குற விசான்னா இந்தியாவுல இருந்து போறவங்களுக்கு அங்கேயும் டிபி பரிசோதனை உண்டு. ஆனா அவங்க தேடுறது இப்போ உயிரோட இருக்கிற நோயை. சந்தேகம் வந்தா சளியை வளர்த்துப் பார்ப்பாங்க. அதுக்கே ரெண்டு மாசம் ஆகும், பொறுமை வேணும். நோய் இருந்தா சிகிச்சை முடிச்சுட்டு மறுபடி வரலாம். ஒரே நுரையீரல். ஒரு கவுன்ட்டர்ல அது பழைய கதை, இன்னொரு கவுன்ட்டர்ல வாழ்நாள் குற்றம்.

இப்படிச் சலிச்சுச் சலிச்சு, தேறினவங்களை மட்டும் கூட்டிட்டுப் போற நாடுகள் அப்புறம் அவங்களை எங்க தங்க வைக்குது? சிங்கப்பூர் உதாரணம் போதும். 2020-ல கொரோனா வந்தப்போ தொழிலாளர் விடுதிகள்ல சுமார் 3,23,000 பேர் இருந்தாங்க. நம்ம ஊர்ப் பசங்களும் அதுல ஏராளம். அந்த வருஷ டிசம்பர்ல அரசாங்கமே வெளியிட்ட கணக்குப்படி அவங்கள்ல 47 சதவிகிதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஊரோட மத்த ஜனங்ககிட்ட அப்போ அது மிகக் குறைவு. உள்ளே நுழையும்போது எல்லாருமே ஃபிட்தான். ஒரே அறையில அடுக்குக் கட்டில் போட்டு, ஒரே குளியலறைக்கு வரிசையில நிக்க வெச்ச விடுதிதான் அன்ஃபிட். விடுதியை எக்ஸ்ரே எடுக்க ஆள் இல்லை.

வெட்னரி மக்களுக்கு ஒரு வார்த்தை. கன்னு வீச்சு நோய்க்கு, அதாவது புருசெல்லோசிஸுக்கு, நாலுல இருந்து எட்டு மாசக் கிடேரிக் கன்னுகளுக்குத் தடுப்பூசி போடுற திட்டம் 2019-ல நாடு முழுக்க ஆரம்பிச்சது. அந்த மருந்துல இருக்கிறது உயிருள்ள கிருமி. கன்னு உதைச்சு ஊசி உங்க கையில குத்திடுச்சுன்னா, மாட்டைக் காப்பாத்துற மருந்தே உங்களுக்கு அந்தக் காய்ச்சலைக் குடுத்துடும். கேம்ப் போறப்போ கிளவுஸும் கண்ணாடியும் ஸ்டைலுக்கு இல்லை. குத்திடுச்சுன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட ஊசியோட பேரைச் சொல்லணும்.

2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில செருப்பில்லாம இறங்கிச் சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்த சீனியர்ஸை நினைச்சா இப்பவும் பெருமையா இருக்கு, வயித்துல புளியும் கரையுது. எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால்ல சின்னக் கீறல், எலிக்காய்ச்சல். அவ்வளவுதான் வழி. 2018 வெள்ளத்துல கேரளாவுல மீட்புப் பணிக்கு இறங்கினவங்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை குடுத்தாங்க. தினமும் அதே தண்ணியில நிக்கிற துப்புரவுத் தொழிலாளிக்கும், நாத்து நடுற அம்மாவுக்கும் வெள்ளம் வடியிறதே இல்லை. அவங்க காலுக்கு பூட்ஸ் வாங்கித் தர்றதுக்கு எந்த லேப் ரிப்போர்ட்டும் தேவையில்லை.

★

நம்ம நர்சிங் தங்கச்சிக்கு வருவோம்.

அன்னிக்கு ராத்திரியே கேஷுவாலிட்டிக்குப் போகச் சொன்னேன். எச்.ஐ.வி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சேர்ந்து படிக்கிற பொண்ணு ஒருத்தியைத் துணைக்கு எழுப்பிக்கிட்டுப் போச்சு. டியூட்டி டாக்டர் திட்டவே இல்லையாம். முதல் டோஸைக் கையில குடுத்துட்டு, அந்த நோயாளிகிட்ட சம்மதம் வாங்கி அவரோட ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். விடியறதுக்குள்ள ரிசல்ட். எச்.ஐ.வி இல்லை. மாத்திரையை நிறுத்திடலாம். ஆனா ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்.

எதை நினைச்சு அழுததோ அது இல்லை. நினைச்சே பார்க்காதது காத்துக்கிட்டு இருந்தது.

அரைகுறையா தடுப்பூசி போட்டவங்களுக்கு அப்போ ஒரு இம்யூனோகுளோபுலின் ஊசி போடணும். தயார் நிலையில இருக்கிற எதிர்ப்புச் சக்தி அது. 24 மணி நேரத்துக்குள்ள போட்டா உத்தமம், ஏழு நாள் வரைக்கும் போடலாம். விலையும் ஜாஸ்தி. கூடவே விட்டுப்போன மூணாவது டோஸ். இதுக்கு யார் பணம் கட்டுறதுன்னு ஒரு சின்ன ரகளை. மாணவிதானே, ஸ்டாஃப் இல்லையேன்னு அக்கவுன்ட்ஸ்ல ஒருத்தர் இழுத்தார்.

2017-ல இயற்றப்பட்டு 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டம் இங்கே படிக்க வேண்டிய ஒண்ணு. வேலைக்குச் சேர எச்.ஐ.வி டெஸ்ட்டை நிபந்தனையா வைக்கக் கூடாதுங்கிற பகுதி பல பேருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மாதிரி ஆபத்து இருக்கிற இடங்கள், அங்கே வேலை செய்றவங்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும், குத்திட்டா தடுப்பு மருந்தும் தரணும்ங்கிற பகுதியும் அதே சட்டத்துல இருக்கு. 2025 வரைக்கும் அமல்ல இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோட மூணாவது அட்டவணையில முதல் வரியே தொற்று நோயாத்தான் இருந்தது. மருத்துவ, லேப், கால்நடை வேலைகள்ல வர்ற தொற்றைத் தொழில் நோயா அது ஏத்துக்கிட்டது. ஃபீஸ் கட்டிட்டு வந்து வார்டுல ஊசி போடுற மாணவி அந்தச் சட்டத்தோட கண்ணுல தொழிலாளியாங்கிறதை வக்கீலுக்குப் படிக்கிறவங்க யாராவது எழுதி அனுப்புங்க. பிரசுரிக்கிறேன்.

கடைசியில பணத்தை டியூட்டர் ஒருத்தர் தன் பாக்கெட்ல இருந்து கட்டினார். அப்புறம் காலேஜ் திருப்பிக் குடுத்துதுன்னு கேள்வி. இன்டர்னல் மார்க்ல யாரும் கை வைக்கலை.

அதுக்கப்புறம் ஆறு மாசம். நடுவுல போன் பண்ணா பரீட்சை, ஹாஸ்டல் சாம்பார், அண்ணனோட கல்யாணப் பேச்சு எல்லாம் பேசும். அதை மட்டும் பேசாது. நானும் கேக்க மாட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு போட்டோ வந்தது. லேப் ரிப்போர்ட். கிருமி நெகட்டிவ். கூடவே எதிர்ப்புச் சக்தி டெஸ்ட்டும் எடுத்திருந்தது. பத்துக்கு மேல, நிறையவே மேல.

கூப்பிட்டேன். எடுத்ததும், "அண்ணா, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசவா? ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க முப்பத்தெட்டு பேரோட மூணாவது டோஸ் தேதியை எழுதிக்கிட்டு இருக்கேன். பதினாலு பேருக்கு ஸ்டடி லீவுல வருது."